கண்ணால் பார்த்துக் கணக்கைத் திருத்தியவர்

குழந்தைகளே! உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? தேதிக்குக் கீழே திதி, நட்சத்திரம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சில காலண்டர்களில் வாக்கியப்படி என்று இருக்கும். சிலவற்றில் திருக்கணிதப்படி என்று இருக்கும். அது என்ன இரண்டு வகை? வானத்தில் நிலா ஒன்றுதானே!

2023-ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். சனிக்கோள் கும்ப ராசிக்குள் நுழையும் நாள் திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. இரண்டுக்கும் நடுவில் பதினொரு மாதம்! ஒரே கோளுக்கு இரண்டு கணக்கு. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வானத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். இன்று அது சாதாரணப் பதில். ஆனால், மனிதர்கள் இந்தப் பதிலுக்கு வந்து சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. நம் சென்னையில் அந்தப் பதிலுக்காகவே வாழ்ந்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பாட்டாகப் படித்த கணக்கு

ரகுநாதாச்சாரி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர். அவருடைய குடும்பம் வழிவழியாகப் பஞ்சாங்கம் கணித்து வந்த குடும்பம். எந்த நாளில் அமாவாசை, எந்த நேரத்தில் கிரகணம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அந்தக் குடும்பங்களின் தொழில்.

அந்தக் கணக்கை அவர்கள் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? அதற்கான எண்களை எழுத்துகளாக மாற்றி, சின்னச் சின்ன வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அந்த நாளில் நிலா எங்கே இருக்கும் என்ற எண் கிடைத்துவிடும். அதனால்தான் வாக்கியப் பஞ்சாங்கம் என்று பெயர் வந்தது.

இதை ஏளனமாக நினைத்துவிடாதீர்கள். 1825-ஆம் ஆண்டு நடந்த ஒரு சந்திர கிரகணத்துக்குப் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் கணக்குப் போட்டார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வந்த வாக்கியங்களைச் சொல்லியே கணக்கை முடித்தார். ஜான் வாரன் என்ற அறிஞர் அதைப் பார்த்து வியந்து தம் நூலில் எழுதி வைத்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் நான்கு நிமிடம்தான்!

ஆனால், கிரகணம் முடியும் நேரத்தில் 52 நிமிடம் பிழை வந்தது. ஏன்? ஒரு கடிகாரம் நாளுக்கு இரண்டு வினாடி பின்தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கும் நாளைக்கும் அது தெரியாது. ஓர் ஆண்டில் 12 நிமிடம் பின்தங்கிவிடும். பத்து ஆண்டில் இரண்டு மணி நேரம்! யாராவது அவ்வப்போது சரியான நேரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். பழைய வாக்கியங்களின் கதையும் அதுதான். முன்னோர்கள் வகுத்தது அருமையான கடிகாரம். முள்ளைத் திருப்பி வைப்பதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்தூண்

அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போகும் பிள்ளைகள் ஒருமுறை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கும் போய் வாருங்கள். மழை வருமா, புயல் வருமா என்று நமக்குச் சொல்லும் வானிலை மையம் அங்கேதான் இருக்கிறது. அந்த வளாகத்தில் 1792-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வு நிலையம் கட்டினார்கள். அதன் கருவியைத் தாங்கிய பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் இப்போதும் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும் கூட எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள்.

கம்பெனியாருக்கு விண்மீன் எதற்கு என்று கேட்பீர்கள். கடலில் போகும் கப்பல் தான் இருக்கும் இடத்தை அறிய விண்மீன்களும் சரியான கடிகாரமும் வேண்டும். நிலத்தை அளந்து வரைபடம் போடவும் அவை வேண்டும். 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இந்தியாவுக்குப் பொதுவான நேரம் வருவதற்கு முன்பு, இந்திய ரயில்கள் ஓடியது சென்னை நேரப்படிதான்!

ரகுநாதாச்சாரி இளம் வயதிலேயே இந்த வானாய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே உழைத்து, முதல் உதவியாளர் என்ற பதவிக்கு உயர்ந்தார்.

அங்கே அவர் பயன்படுத்திய முக்கியக் கருவிக்கு மெரிடியன் வட்டம் என்று பெயர். அது ஒரு தொலைநோக்கி. வடக்கும் தெற்குமாக மட்டும் அசையும். கிழக்கே மேற்கே திரும்பாது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் ஒவ்வொன்றாக அதன் முன்னால் வந்து கடந்து போகும். கடக்கும் நொடியைக் கடிகாரத்தில் குறிக்க வேண்டும். எவ்வளவு உயரத்தில் கடந்தது என்பதை வட்டத்தில் உள்ள அளவுகோலில் படிக்க வேண்டும். இரண்டும் தெரிந்தால் அந்த விண்மீனின் முகவரி கிடைத்துவிடும்.

ஊரெல்லாம் தூங்கும்போது இந்த வேலை நடக்கும். இரவுக்கு இரவு, ஆண்டுக்கு ஆண்டு ஆயிரக்கணக்கான விண்மீன்கள். சோம்பல் வந்து ஒரு நொடி தவறினால் கணக்கும் தவறிவிடும். வீட்டில் மனப்பாடமான வாக்கியம். வேலையில் கண்ணால் பார்த்த அளவு. இரண்டு உலகத்திலும் ரகுநாதாச்சாரி நின்றார்.

எட்டுக் கலையால் மாறிய உலகம்

இந்த இடத்தில் கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய் வருவோம். அங்கேயும் இதே சிக்கல் இருந்தது.

சூரியனும் கோள்களும் பூமியைச் சுற்றுகின்றன என்று பழைய கிரேக்க அறிஞர்கள் சொல்லியிருந்தார்கள். வானத்தில் எதுவும் மாறாது, அங்கே நடப்பதெல்லாம் சரியான வட்டப் பாதையில்தான் என்பது அரிஸ்டாட்டில் என்ற தத்துவ அறிஞரின் கருத்து. பெரியவர் சொன்னது என்பதால் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் அதைப் பெரும்பாலோர் கேள்வி கேட்கவில்லை. 1543-ல் கோப்பர்நிக்கஸ், சூரியனைத்தான் பூமி சுற்றுகிறது என்று நூல் எழுதினார். அவராலும் வட்டத்தை விட முடியவில்லை.

பிறகு கெப்ளர் வந்தார். டைகோ பிராகி என்பவர் பல ஆண்டுகள் செவ்வாய்க் கோளைப் பார்த்துக் குறித்து வைத்த அளவுகள் அவரிடம் இருந்தன. கெப்ளர் வட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார். எல்லாம் ஒத்துவந்தது, எட்டுக் கலை மட்டும் இடித்தது.

எட்டுக் கலை என்றால் எவ்வளவு? வானத்தில் முழு நிலாவின் அகலம் சுமார் 30 கலை. அதில் கால் பங்குதான் எட்டுக் கலை. இவ்வளவு சின்னப் பிழையை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று விட்டிருக்கலாம். கெப்ளர் விடவில்லை. டைகோவின் கண்ணும் கருவியும் எட்டுக் கலை தவறாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே தவறு கணக்கில்தான் என்று முடிவு செய்தார். பல ஆண்டு உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609-ல் உலகுக்குச் சொன்னார்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கேரளத்தைச் சேர்ந்த பரமேசுவரர் என்ற கணித மேதை, பல்லாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து வைத்தார். பழைய கணக்கோடு அவை ஒத்துவராததால் 1431-ல் கணக்கைத் திருத்தி எழுதினார். அவர் கெப்ளருக்கும் முந்தியவர்! அந்த முறைக்கு திருக்கணிதம் என்று பெயர். இதில் வரும் திருக் என்பது மரியாதைச் சொல்லான திரு அல்ல. வடமொழியில் திருக் என்றால் பார்வை. பார்வையோடு ஒத்துப்போகும் கணிதம் என்பது பொருள்.

பார்த்ததும் கணித்ததும் முரண்பட்டால் கணிதத்தைத் திருத்து. ரகுநாதாச்சாரிக்குக் கிடைத்த பாடம் இதுதான்.

மங்கி மறைந்த விண்மீன்

1861-ல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராக வந்தார். விண்மீன்களின் ஒளியை அளக்க அவர் வகுத்த முறையைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அவருடைய தலைமையில் விண்மீன்களின் பெரிய அட்டவணை ஒன்று தயாராகி வந்தது. அதில் பெரும் உழைப்பு ரகுநாதாச்சாரியுடையது.

அந்த வேலையில் ஒரு வினோதம் நடந்தது. தெற்கு வானில் வலை என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு மங்கலான விண்மீன். ஒருமுறை தொலைநோக்கியில் தெரிந்தது. பின்னர் அதே இடத்தில் பார்த்தபோது காணவில்லை. மறுபடி ஒரு காலத்தில் தெரிந்தது.

போன தடவை தவறாகக் குறித்துவிட்டோம் என்று அடித்துத் திருத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ரகுநாதாச்சாரி அப்படிச் செய்யவில்லை. தம் குறிப்பை நம்பினார், மீண்டும் பார்த்தார். அந்த விண்மீன் ஒளி கூடுவதும் குறைவதுமாக மாறுகிறது என்று 1867-ல் கண்டறிந்தார். அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை அது நூறு மடங்குக்கும் மேல் மங்கி, மறுபடி ஒளிரும்.

இந்தச் செய்தி லண்டனில் உள்ள ராயல் வானியல் கழகத்தின் இதழில் வெளியானது. லண்டனில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி இருந்தாலும் இந்த விண்மீனைப் பார்க்க முடியாது. அது அவ்வளவு தெற்கே இருக்கிறது. நம் சென்னையிலிருந்து பார்த்தால் தெற்குத் தொடுவானத்துக்கு மேலே கொஞ்ச உயரத்தில் வரும். லண்டன் தொலைநோக்கிகளுக்கு எட்டாத இடத்தை நம் ஊர்க் கண் பார்த்தது! தொலைநோக்கி வானியலில் கண்டுபிடிப்பு செய்த முதல் இந்தியர் என்று ரகுநாதாச்சாரியைப் போற்றுகிறார்கள்.

வானத்தில் எதுவும் மாறாது என்ற இரண்டாயிரம் ஆண்டுக் கருத்து நினைவிருக்கிறதா? 1572-ல் டைகோ ஒரு புதிய விண்மீனைக் கண்டபோதே அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. ஒளி மாறும் ஒவ்வொரு விண்மீனும் அதற்கு எதிரான சாட்சி. அந்தச் சாட்சிகளில் ஒன்றை அழைத்து வந்தவர் சென்னைக்காரர்.

1868 ஆகஸ்ட் 18-ல் நடந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆராயும் பணிக்காக அவர் ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த வனபர்த்திக்குப் போனார். 1871 டிசம்பர் 12-ல் நடந்த முழு கிரகணத்துக்கு நம் அவிநாசிக்குப் போனார். 1872-ல் ராயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

வெள்ளி சூரியனைக் கடந்தது

1874-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ஓர் அரிய காட்சி நடக்கவிருந்தது. வெள்ளிக் கோள் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் வந்து, சூரியன் மேல் ஒரு கரும்புள்ளி போல நகர்ந்து செல்லும். அதற்கு முன் அப்படி நடந்தது 1769-ல்.

இதை வைத்துப் பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். எப்படி? கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் மாறுகிறது அல்லவா? அதே போல் பூமியின் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தால் வெள்ளிப் புள்ளி சூரியன் மேல் சற்று இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று நீங்கள் பாடத்தில் படிக்கிறீர்களே, அந்த எண்ணைத் துல்லியமாக்க உலகமே அன்று முயன்றது.

ரகுநாதாச்சாரி இந்தக் காட்சியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலம் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று நினைத்தார். எனவே ஆங்கிலத்தோடு கன்னடம், உருது முதலிய நம் நாட்டு மொழிகளிலும் அது வெளிவந்தது. அதை அவர் முதலில் உரையாடலாக, கேள்வியும் பதிலுமாக எழுதினார்.

பழைய முறையில் தேர்ந்தவர்களை முட்டாள்கள் என்று அவர் திட்டவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசுவது போல எழுதினார். 1632-ல் கலிலியோவும் பூமி சுற்றுகிறது என்பதை விளக்க உரையாடல் வடிவத்தையே எடுத்துக்கொண்டார். அந்த நூலுக்காக அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார் என்பது வேறு கதை.

அதே 1874-ல் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் ரகுநாதாச்சாரி பேசினார். நம் மக்கள் வானியலைக் கருவிகளோடு நேரில் கற்க ஒரு வானாய்வு நிலையம் வேண்டும் என்று கேட்டார். வெள்ளையர் வைத்த கருவியில் உதவியாளராக இருந்தால் மட்டும் போதாது, நம் பிள்ளைகள் தாங்களே பார்த்துக் கற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

சொந்த வீட்டில் ஒரு போராட்டம்

விண்மீனைக் கண்டுபிடித்ததை விடக் கடினமான வேலை ஒன்று இருந்தது. அது பஞ்சாங்கம்.

வாக்கியக் கணக்கில் நிலாவின் இடம் பிசகுவதால், திதி தொடங்கும் நேரம் சில மணி நேரம் தள்ளிப் போவதுண்டு. விரதமும் திருவிழாவும் திதியைப் பார்த்து நடப்பவை. ஆகவே கணக்கைத் திருத்த வேண்டும் என்றார் ரகுநாதாச்சாரி. வானாய்வு நிலையத்தில் கற்றதைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார்.

தாத்தாவும் முப்பாட்டனாரும் கடைப்பிடித்த கணக்கில் பிழை என்று சொன்னால் யார்தான் உடனே ஒப்புவார்கள்? அதுவும், பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்தவரே சொன்னால்? திருக்கணிதத்துக்கு எதிர்ப்பு வந்தது. பெரும் வாதம் நடந்தது. அவர் பின்வாங்கவில்லை. பழைய நூல்களைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லவும் இல்லை. பார்த்துத் திருத்திக்கொள்வதும் நம் பழைய வழக்கம்தான் என்பதே அவர் கட்சி. பரமேசுவரரின் கதையைப் படித்த உங்களுக்கு அது உண்மை என்று தெரியும்.

1880-ல் ரகுநாதாச்சாரி காலமானார். அவர் கேட்ட வானாய்வு நிலையத்தை அவர் பார்க்கவில்லை. நுங்கம்பாக்கத்து வானாய்வுப் பணி 1899-ல் கொடைக்கானலுக்கு மாறியது. அந்த மரபில் வளர்ந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இன்று பெங்களூரில் இருக்கிறது. அதன் பெரிய தொலைநோக்கிகளில் இன்று நம் பிள்ளைகள் உதவியாளர்களாக மட்டும் இல்லை, அவர்களே விஞ்ஞானிகள்.

வாக்கியமா, திருக்கணிதமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. கோயில்கள் தங்கள் வழக்கப்படி நடத்துகின்றன. எந்த நாளில் கும்பிடுவது என்பது நம்பிக்கை. ஆனால், கோள் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது கண். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் அறிவியல் மனிதனுக்குத் தந்த பெரிய மாற்றம்.

நீங்களும் பாருங்கள்

2004 ஜூன் 8-ல் வெள்ளி மறுபடியும் சூரியனைக் கடந்தது. அத்திப்பட்டில் என் மாணவர்களோடு பாதுகாப்புக் கண்ணாடி வழியே பார்த்தேன். மிளகு அளவுகூட இல்லாத ஒரு கரும்புள்ளி. அவ்வளவுதானா சார் என்றான் ஒரு பையன். அந்தப் புள்ளியைக் கொண்டுதான் சூரியனின் தூரத்தை அளந்தார்கள் என்று சொன்னதும் மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டான். 2012-லும் அது நடந்தது. அடுத்து 2117-ல்தான்.

இன்று எங்கள் ஊரில் தெற்கே பார்த்தால் எண்ணூர், மணலிப் பக்கத்து வெளிச்சமும் புகையும்தான் தெரிகின்றன. ரகுநாதாச்சாரியின் விண்மீன் அந்தத் திசையில்தான் தாழ்வாக வரும். அதைப் பார்க்க முடியாது. பரவாயில்லை. நிலா தெரியும். வெள்ளி தெரியும்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு அடுத்த ஐந்து நாள், நிலா எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று மாடியில் நின்று பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் தாமதமாகிறது என்று கணக்கிடுங்கள். ஆறாவது நாள் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிப் பாருங்கள். சூரியனை மட்டும் ஒருபோதும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

நீங்கள் சொன்ன நேரத்துக்கு நிலா வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம். நிலாவைக் குறை சொல்லவும் வேண்டாம். நோட்டைத் திறந்து உங்கள் கணக்கைத் திருத்துங்கள். ரகுநாதாச்சாரி தம் வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான்.